யுத்தகால விருந்தினர்

நகை பிறத்தற்குரிய பொருள்கள் நான்கு என்பது தொல்காப்பியர் கொள்கை. எள்ளலும் பேதைமையும் அவற்றுள் இரண்டாம். ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தார் ஓரிடத்தில் வாழ நேரிடின், இவ்விரண்டும் தாமே தோன்றுதல் இயல்பு. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் கிரனாடா தொலைக்காட்சி நிலையத்தார் 1976, 1977-ஆம் ஆண்டுகளிற் பதின்மூன்று பகுதிகளாக ஒளிபரப்பிய ‘யாங்க்ஸ் கோ ஹோம்’ என்னும் நகைச்சுவை நாடகம். ‘அமெரிக்கரே, உம்மூர் செல்வீர்’ என்பது அப்பெயரின் பொருள். 1942-ஆம் ஆண்டில் லங்காஷயரிலுள்ள சிறு பட்டணமொன்றில் வந்து தங்கிய அமெரிக்க விமானப்படையினர்க்கும் அவ்வூரார்க்கும் நேர்ந்த உரசல்களே அதன் கதை.

இக்கதை வெறுங் கற்பனையன்று. 1941 டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்திற் புகுந்தது. அடுத்த மாதமே அதன் சேனை பிரிட்டனில் வந்திறங்கலாயிற்று. 1944-ஆம் ஆண்டின் நடுவில் அங்கிருந்த அமெரிக்கர் பதினைந்து லட்சத்தினர். லங்காஷயரில் வாரிங்டனுக்கு அருகேயுள்ள பர்டன்வுட் என்னுமிடத்தில் அவர்கள் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெருநிலையம் ஒன்றை நடத்தினர்.

உரசலின் காரணங்களை ஆராய்வோம். முதலாவது பணம். அமெரிக்கச் சிப்பாயின் சம்பளம் ஆங்கிலச் சிப்பாயின் சம்பளத்தினும் பன்மடங்கு மிகுதி. இரண்டாவது உணவு. 1940 ஜனவரி முதல் பங்கீட்டில் அளந்து உண்டுவந்த ஊராரின் நடுவே, மிட்டாயும் சிகரெட்டும் தாராளமாய் வழங்கும் இளைஞர் வந்து சேர்ந்தனர். சிறுவர் மகிழ்ந்தனர், கன்னியர் நடனத்திற்குச் சென்றனர், தூரதேசத்துப் போர்க்களங்களிலிருந்த உள்ளூர் வாலிபர்க்கோ இச்செய்தி இனித்திருக்குமா? மூன்றாவது பழக்கம். மொழி ஒன்றாயினும் வழக்கு வேறு. இதனை உணர்ந்தே அமெரிக்க யுத்த இலாகா 1942-இல் தன் சிப்பாய்கட்கு ஒரு கையேடு வழங்கியது. சம்பளத்தைக் குறித்துப் பெருமை பேசலாகாது, அரசரைப் பழித்தலாகாது என்பன அதன் புத்திமதிகளுட் சில.

இத்துணையும் நகைக்கு உரியன. நகைக்கு அடங்காதனவும் உள. அக்காலத்து அமெரிக்கச் சேனையில் வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். லங்காஷயரைச் சேர்ந்த பாம்பர் பிரிட்ஜ் என்னும் ஊரிலும் அப்பிரிவினையை நாட்ட அதிகாரிகள் விரும்பியபோது, அவ்வூர் மதுச்சாலையார் ‘கறுப்புப் படையினர்க்கு மட்டும்’ என்று பலகை தொங்கவிட்டு விடையிறுத்தனர் என்பர். 1943 ஜூன் 24-ஆம் தேதி இரவு அங்கே வெள்ளை இராணுவப் போலீசார்க்கும் கறுப்புச் சிப்பாய்கட்கும் மூண்ட பூசல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. கறுப்புச் சிப்பாய் ஒருவர் மாண்டார்.

அடுத்த ஆண்டு, ஆகஸ்டு 23-ஆம் தேதி, வார்ட்டன் தளத்தின் விமானமொன்று கடும்புயலில் அகப்பட்டு ஃப்ரெக்கிள்டன் கிராமத்துப் பள்ளியின்மீது விழுந்து எரிந்தது. இறந்தோர் அறுபத்தொருவர், அவருள் முப்பத்தெண்மர் குழந்தைகள். துயருற்ற அமெரிக்கர், அவ்வூர்ச் சிறார்க்கென விளையாட்டுத்திடல் ஒன்றைத் தம் கைகளாலேயே அமைத்து, 1945 ஆகஸ்டில் அளித்தனர்.

ஆயின், நகைச்சுவை நாடகம் பொய்யோ? அன்று. யுத்தம் முடிந்து முப்பது ஆண்டு கழிந்தபின், பழைய பொறாமைகளை நினைந்து ஒரு சமூகம் தன்னைத்தானே நகைத்துக்கொள்வது நலமே. ஆனால் நகை, தான் தாங்கக்கூடிய பாரத்தையே தாங்கும். எஞ்சியதைச் சரித்திரமே சுமக்கவேண்டும். இரண்டையும் ஒருங்கே கற்பவர்க்கே அக்காலம் முழுமையாய் விளங்கும்.

இறுதியில் அமெரிக்கர் ஊர் திரும்பினர். ஆயின் தனியே திரும்பினாரல்லர். ஏறக்குறைய 70,000 பிரிட்டிஷ் மணப்பெண்கள் அவர்களை மணந்து கடல் கடந்தனர். விருந்தினரைப் போகச் சொன்ன வாயும், அவர்கட்குப் பெண் கொடுத்த கையும் ஒரே ஊராருடையனவே.