பாலைவனத்தில் பனித்தரை: அமெரிக்காவில் ஐஸ் ஹொக்கி

அமெரிக்கக் காற்பந்து, பேஸ்போல், கூடைப்பந்து ஆகிய மூன்றுக்கும் பின்னால் நான்காவது இடத்திலேயே ஐஸ் ஹொக்கியை அமெரிக்க ரசிகர்கள் நீண்டகாலமாக வைத்து வந்துள்ளனர். கனடாவில் வாழும் உறவினர்கள் வாயிலாக அந்நாட்டவர்கள் இவ்விளையாட்டின் மீது கொண்டுள்ள மோகத்தை எமது வாசகர்கள் பலரும் அறிந்திருப்பர். எல்லையைத் தாண்டித் தெற்கே சென்றால் நிலைமை வேறு.

1917 இல் மொன்றியலில் உருவான தேசிய ஹொக்கி லீக், 1967 இல் தனது அணிகளை ஆறிலிருந்து பன்னிரண்டாக்கியது. எனினும் உண்மையான திருப்பம் 1988 இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு கனடாவின் தலைசிறந்த வீரரான வெயின் கிறெட்ஸ்கி, எட்மன்டன் அணியிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். கனடியர்கள் இதனை ஓர் இழப்பாகவே கருதினர். அதன் பின்னர் சான் ஜோஸ், டாம்பா, டலஸ் என வெப்பமான நகரங்களிலும் அணிகள் தோன்றின.

தொலைக்காட்சியோ இவ்விளையாட்டுக்குக் கைகொடுக்கவில்லை. மூன்று அங்குல விட்டமுள்ள கறுப்பு றப்பர் வட்டு மணிக்கு 150 கிலோமீற்றருக்கும் அதிக வேகத்தில் பாயும்போது, புதிய பார்வையாளரின் கண்ணுக்கு அது தென்படுவதே அரிது. ஆகவே 1996 இல் பொக்ஸ் நிறுவனம் வட்டினுள் மின்னணுக் கருவியைப் பொருத்தி, திரையில் அதனைச் சுற்றி நீல ஒளி வீசச் செய்தது. பழைய ரசிகர்கள் எள்ளி நகையாடினர். 1998 உடன் அது கைவிடப்பட்டது. ஊதியத் தகராறினால் 2004-05 பருவம் முழுமையாக இரத்தானதை அடுத்து ஈஎஸ்பிஎன் விலகிக்கொண்டது. அது மீண்டும் வந்தது 2021 இலேயே.

ஒளியூட்டிய வட்டினால் இயலாததை லாஸ் வேகாஸ் நகரம் சாதித்தது. 2017 ஒக்டோபர் முதலாம் திகதி அந்நகரில் இசை நிகழ்ச்சியொன்றின் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். ஒன்பது நாட்களின் பின்னர் புதிய அணி தனது சொந்த அரங்கில் முதற்போட்டியில் களமிறங்கியபோது, வீரர்களுடன் மீட்புப் பணியாளர்களும் மைதானத்துக்கு அழைத்து வரப்பட்டனர். சூதாட்ட விடுதிகளுக்குப் பெயர்போன நகரம், அந்த இரவில் ஓர் அணியைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அவ்வணி முதற் பருவத்திலேயே இறுதிப்போட்டிக்கு முன்னேறியதுடன், 2023 இல் ஸ்டான்லி கிண்ணத்தையும் வென்றது. துயரத்தை எவரும் திட்டமிட்டு உருவாக்க முடியாது என்பதால், இதனை ஏனைய நகரங்களுக்கான வழிமுறையாகக் கொள்ளவும் இயலாது.

அரிசோனாவின் அனுபவமே எம்மை அதிகம் சிந்திக்க வைக்கின்றது. 1996 இல் வின்னிபெக்கிலிருந்து அங்கு சென்ற அணி பல்லாண்டுகளாகப் பண நெருக்கடியில் தவித்து, இறுதி இரு பருவங்களையும் பல்கலைக்கழகமொன்றின் சிறிய அரங்கில் ஆடி முடித்தது. 2024 இல் அதன் வீரர்கள் சோல்ட் லேக் சிட்டிக்கு மாற்றப்பட்டனர். வணிகக் கணக்கில் இது தோல்வியே. ஆயினும் அந்த அணியின் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த ஒஸ்டன் மத்யூஸ் என்ற சிறுவன், 2016 இல் லீக்கின் வீரர் தெரிவில் முதலாமவராக ரொறன்ரோ அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சறுக்குக் காலணி, தலைக்கவசம், பனித்தள வாடகை, தூரப் பயணம் எனச் செலவு மிகுந்த விளையாட்டு இது. ஒரு பந்து போதுமான கூடைப்பந்துடன் அதனால் எளிதில் போட்டியிட முடியாது. லீக்கில் இன்று 32 அணிகள் உள்ளன. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் ஆடக்கூடிய பனித்தளங்களோ அந்த வேகத்தில் பெருகவில்லை.