வாய்க்குக் கேட்ட ஜாமீன்

பழவேற்காட்டு ஏரியிலே வலை வீசிக் கரையேறும் ஆரம்பாக்கத்துத் தோழன், தேநீர்க் கடையிலே ஏட்டைப் பிரிக்கிறான். ஆள்வோரைக் குறை கூறும் வரியைப் படிக்கிறான். அந்த வரியை அச்சடிக்க, ஒரு காலத்தில் அரசிடம் பணம் கட்ட வேண்டியிருந்தது!

1910-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின் சூழ்ச்சியைப் பாருங்கள், தோழர்களே! அச்சகம் நடத்துவோரிடம் ஜாமீன் தொகை வாங்கு. எழுத்து கசந்தால் தொகையைப் பறித்துக்கொள்! படகைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு வழக்குப் பேசுவதைப் போன்ற நீதி இது.

1916-இல் சென்னையிலே 'நியூ இந்தியா' ஏட்டை நடத்திய அன்னி பெசன்ட் அம்மையாரிடம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். கட்டினார், பறித்தார்கள். மறுபடியும் 10,000 ரூபாய்! சென்னை உயர்நீதிமன்றத்திலே அம்மையார் தாமே வாதாடினார், தோற்றார். 1919-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. ஆனால் எதிர்ப்பு ஓயவில்லை. 1922-இல் அச்சட்டம் ஒழிந்தது. 1931-இல் ஜாமீன் வேறு சட்டத்தின் பெயரால் மீண்டும் வந்தது!

வெள்ளையன் போனான், தடை போயிற்றா? 1950-இல் 'கிராஸ் ரோட்ஸ்' வார ஏடு சென்னை ராஜ்யத்திற்குள் நுழையக் கூடாதென்றது சென்னை அரசு. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்சநீதிமன்றம் சென்றார். மே 26-ஆம் நாள் தீர்ப்பு: தடை செல்லாது!

அன்று தோல்வி, இன்று வெற்றி, ஏன்? 1916-இல் நீதிபதியின் முன்னே இருந்தது அடக்குமுறைச் சட்டம் மட்டுமே. 1950-இல் பேச்சுரிமை பொறித்த அரசியல் சட்டம் இருந்தது. அந்த உரிமைக்கும் 1951-இல் முதல் திருத்தம் வரம்பு கட்டியது.

நீதிமன்றம் சட்டத்தைக் கொண்டுதான் அளக்கும். அந்த அளவுகோலைச் செய்வோர் யார்? நம் வாக்குகளால் சட்டமன்றம் செல்வோர்! வாக்களிக்கச் செல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.