ஒரு டிரா போதும்

2017 அக்டோபர் 10 அன்று அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களின் பேச்சு "ஒரு டிரா போதும்" என்பதையே சுற்றிச் சுற்றி வந்தது. ரஷ்யாவில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்கு வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் நாடுகளின் தகுதிச் சுற்று அன்று முடிகிறது. ஆறு அணிகள், ஆளுக்குப் பத்து ஆட்டங்கள். முதல் மூன்று அணிகளுக்கு நேரே ரஷ்யா. நான்காவது அணிக்கு ஆசிய அணி ஒன்றுடன் பிளேஆஃப். மெக்ஸிகோவும் கோஸ்டா ரிகாவும் இடம்பிடித்தாயிற்று. மீதியில் அமெரிக்காவுக்கு 12 புள்ளி, பனாமாவுக்கு 10, ஹோண்டுராஸுக்கு 10. கோல் வித்தியாசத்திலும் அமெரிக்காவே வெகுவாக முன்னால் நின்றது. எதிரே இருந்ததோ, ஒன்பது ஆட்டங்களில் எட்டில் தோற்றுப் பட்டியலின் அடியில் கிடந்த டிரினிடாட் அண்ட் டொபாகோ.

அமெரிக்கா முற்றாக வெளியேற வேண்டுமென்றால் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்க வேண்டும்: அது டிரினிடாடிடம் தோற்க வேண்டும், பனாமா கோஸ்டா ரிகாவை வெல்ல வேண்டும், ஹோண்டுராஸ் மெக்ஸிகோவை வெல்ல வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் குறைந்தது பிளேஆஃப் உண்டு.

மூன்றும் நடந்தன. கூவா என்ற ஊரின் மைதானத்தில் 17ஆம் நிமிடத்தில் அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர் ஓமர் கொன்சாலெஸின் காலில் பட்ட பந்து சொந்த வலைக்குள் போனது. 37ஆம் நிமிடத்தில் ஆல்வின் ஜோன்ஸ் வெகு தொலைவிலிருந்து அடித்த பந்தும் உள்ளே போனது. இடைவேளை முடிந்ததும் கிறிஸ்டியன் புலிசிக் ஒரு கோலைத் திருப்பினார். பிறகு கிளின்ட் டெம்ப்சி அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. முடிவு 1–2. பனாமாவில் கோட்டைத் தாண்டாத பந்தை நடுவர் கோல் என்றார்; 88ஆம் நிமிடத்தில் ரோமான் டோரஸ் இன்னொன்று அடித்தார். ஹோண்டுராஸ் இடைவேளையில் பின்தங்கியிருந்து 3–2 என வென்றது. 1990 முதல் ஓர் உலகக் கோப்பையையும் தவறவிடாத அமெரிக்கா ஐந்தாம் இடத்தில் நின்றது.

இதை அதிசயம் என்றார்கள், அவமானம் என்றார்கள். எண்களின் கண்ணால் பார்த்தால் என்ன என்பதே என் அக்கறை.

கோல் என்பது அரிதாக நிகழும் ஒன்று. 2018 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் விழுந்த கோல்கள் 169. ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. அரிதாக, முன்பின் தொடர்பில்லாமல் நடக்கும் நிகழ்வுகளின் எண்ணிக்கை எப்படிப் பரவும் என்பதற்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் சிமியோன் தெனி புவாசோன் 1837இல் ஒரு சூத்திரம் தந்தார். அதன் வலிமையை உலகுக்குக் காட்டியது 1898இல் லடிஸ்லாஸ் போர்ட்கேவிச் எழுதிய புத்தகம். பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், ஆக 200 பதிவுகள், மொத்தம் 122 சாவுகள். ஒரு சாவும் நிகழாத பதிவுகள் 109. சூத்திரம் சொன்னது 108.7. எந்தக் குதிரை எப்போது உதைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இருபது ஆண்டு உதைகள் சேர்ந்தால் ஒழுங்கான வடிவம் வந்துவிடுகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பு குறைவதே இல்லை.

அதே சூத்திரத்தைக் கால்பந்துக்குப் பொருத்தலாம்; 1982இல் மாஹர் என்ற புள்ளியியலாளர் அதைச் செய்து காட்டிய பின் அது ஒரு துறையாகவே வளர்ந்தது. கூவா ஆட்டத்தில் அமெரிக்கா சராசரியாக 1.7 கோல் அடிக்கும், டிரினிடாட் 0.8 அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இது என் ஊகம்தான், ஆனால் பலத்தில் இரு மடங்கு வேறுபாட்டை ஒப்புக்கொள்ளும் ஊகம். கணக்குப் போட்டால் டிரினிடாட் வெல்லும் வாய்ப்பு 17 விழுக்காடு வருகிறது. ஏறத்தாழ ஆறில் ஒன்று! பகடையை ஒருமுறை உருட்டி ஆறு விழுந்தால் யாரும் அதிசயம் என்பதில்லை.

இப்போது அதே விகிதத்தை வைத்துக்கொண்டு கோல்களை மட்டும் பத்து மடங்காக்குவோம்: 17க்கு 8. பலவீனமான அணி வெல்லும் வாய்ப்பு நூற்றில் மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. கபடியில் ஓர் அணியே முப்பது புள்ளி எடுக்கும். அங்கே ஒரு தற்செயலை அடுத்த தற்செயல் ஈடுகட்டிவிடும். கால்பந்தில் ஈடுகட்ட நேரமில்லை. காலில் பட்டுத் திசைமாறிய ஒரு பந்தே ஆட்டத்தின் முடிவாகிவிடலாம். சிறிய நாடுகளின் ரசிகர்கள் ஒவ்வொரு தகுதிச் சுற்றிலும் கனவு காண்பது பேதைமை அல்ல. அவர்கள் நெஞ்சில் இருப்பது சரியான கணக்கு.

மூன்று காரியமும் ஒன்றாக நடக்கும் வாய்ப்பு? தோல்விக்கு ஆறில் ஒன்று, பனாமாவுக்கு ஐந்தில் இரண்டு, ஹோண்டுராஸுக்கு மூன்றில் ஒன்று என்று கொண்டு பெருக்கினால் நாற்பத்தைந்தில் ஒன்று. நூற்றுக்கு இரண்டு சொச்சம். ரசிகர்கள் நிம்மதியாக இருந்தது இந்தப் பெருக்கலால்தான். ஆனால் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: நிகழ்வுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. இங்கே தொட்டன. மெக்ஸிகோவுக்கும் கோஸ்டா ரிகாவுக்கும் அன்று எதுவும் பாக்கியில்லை. பனாமாவும் ஹோண்டுராஸும் உயிரைக் கொடுத்து ஆடின. மூன்று ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்ததால், மற்ற மைதானங்களின் கோல் செய்திகள் கூவாவை எட்டாமல் இருந்திருக்காது. கடைசி நாள் ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துவதற்கும் ஒரு கதை உண்டு. 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் ஆட்டத்தை முதல் நாளே முடித்துவிட்டது. மறுநாள் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இருவருக்கும் வசதியான 1–0 முடிவோடு நேரத்தைக் கழித்து அதை வெளியே தள்ளின. அந்த அநியாயத்துக்குப் பின் வந்த நல்ல விதி இது.

அமெரிக்க ரசிகர்களின் கோபமெல்லாம் கூவா இரவின்மேல் விழுந்தது. அது தவறான இடம் என்று நினைக்கிறேன். 2016 நவம்பரில் சொந்த மண்ணில் மெக்ஸிகோவிடம் 1–2, நாலே நாளில் கோஸ்டா ரிகாவில் 0–4. பயிற்சியாளர் யூர்கன் கிளின்ஸ்மன் பதவியிழந்தார். 2017 செப்டம்பரில் மறுபடி சொந்த மண்ணில் கோஸ்டா ரிகாவிடம் 0–2. இரண்டு புள்ளி எங்கே கிடைத்திருந்தாலும் கடைசி இரவுக்கு வேலையே இருந்திருக்காது.

பத்து ஆட்டங்கள் என்பதே ஓர் அணியின் தரத்தை அளக்கப் போதாது. ஓர் அணிக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றி வாய்ப்பு 45 விழுக்காடு, டிராவுக்கு 28 என்று கொள்வோம். பத்து ஆட்டத்தில் சராசரியாக 16 புள்ளி வரும். ஆனால் வெறும் தற்செயலால் அது நான்கு புள்ளி மேலேயும் கீழேயும் ஆடும். அதே அணி, அதே திறமை, 12 புள்ளியோடோ அதற்கும் குறைவாகவோ முடிய ஏறத்தாழ ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 20 அல்லது அதற்கு மேல் எடுக்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. 12 வந்தால் பயிற்சியாளரை விரட்டுகிறோம், 20 வந்தால் சிலை வைக்கிறோம்.

டிரினிடாட் ரசிகர்களுக்கு இந்தப் பாடம் முன்பே தெரியும். 1989 நவம்பர் 19 அன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அமெரிக்காவுக்கு எதிராக அவர்களுக்கும் ஒரு டிரா போதுமானதாக இருந்தது. முதல் உலகக் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். பால் கலிஜியூரி தொலைவிலிருந்து அடித்த ஒரே கோலில் அது போயிற்று. அந்த நாடு உலகக் கோப்பையில் ஆட 2006 வரை காத்திருந்தது.

அமெரிக்கா வெளியேறும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று சொன்னவரை, அது நடந்துவிட்டதாலேயே பொய்யர் என்று சொல்ல முடியுமா? முடியாது. அவர் இரண்டு விழுக்காடு என்று சொன்ன நூறு சம்பவங்களில் ஏறத்தாழ இரண்டு நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு 1950இல் வழிவகுத்தவர் அமெரிக்க வானிலைத் துறையின் கிளென் பிரையர். மழைக் கணிப்புகளை மதிப்பிட அவர் வகுத்த முறை எளியது: சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, இல்லையென்றால் 0) உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிச் சராசரி எடுப்பது. குறைவாக வந்தால் நல்ல கணிப்பாளர். எதற்கும் "பாதிக்குப் பாதி" என்றே சொல்லிக்கொண்டிருப்பவருக்கு 0.25 கிடைக்கும்.

உங்களுக்குப் பிடித்த அணி அடுத்த தகுதிச் சுற்றில் இறங்கும்போது இதைச் செய்து பாருங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் "வெல்லும்" என்று சொல்வதோடு நிறுத்தாமல் எத்தனை விழுக்காடு என்று நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் வித்தியாசத்தை வர்க்கமாக்குங்கள். நண்பர்களையும் எழுதச் சொல்லுங்கள். கடைசியில் சராசரி 0.25க்குக் கீழே வந்தவர் பேச்சுக்கு அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுங்கள்.