காதைப் பொத்தும் குழந்தை

மாட்டுங்காவில் நம்மவர் ஆலயங்களில் தீபாராதனை மணி ஒலிக்கையில் நாம் கைகூப்புகிறோம். ஆட்டிசம் உள்ள குழந்தையோ காதைப் பொத்திக்கொண்டு அலறக்கூடும். பிடிவாதமென்று நாம் முறைக்கிறோம். மறுவாரம் அத்தாய் ஆலயத்துக்கு வருவதில்லை.

உடலின் வழியாகவே உலகம் நமக்குப் புலனாகிறது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மெர்லோ-போந்தி 1945-இல் விளக்கினார். எனவே, புலனுணர்வு மாறுபடின் உலகமும், 'நான்' என்னும் உணர்வுமே மாறுபடும். நமக்கு மங்கல ஒலியாக இருப்பது அக்குழந்தையின் மீது அடியாக விழலாம்.

ஆட்டிசம் உள்ள அமெரிக்கக் கால்நடையியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் அம்மையார், இளமையில் அணைப்புக்கு ஏங்கியும் பிறர் அணைத்தால் தாங்கமாட்டார். ஆகவே 18 வயதில், வேண்டிய அளவு மட்டும் உடலை அழுத்தும் பொறியொன்றைத் தாமே அமைத்து அமைதி கண்டார்.

அன்பர்களே, மணி ஓய்ந்தபின் அத்தாயும் சேயும் தரிசிக்க வழிவிடுவோம், அதுவும் வழிபாடே.