எண்ணெய் மணலின் அமிலங்களும் நன்னீர் உயிர்களும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், அதபாஸ்கா ஆற்றை ஒட்டிய நிலத்தில் மணலோடும் களிமண்ணோடும் கலந்து கிடக்கும் பிட்டுமென் எனப்படும் தார் போன்ற கெட்டி எண்ணெய் 1967 முதல் வணிக அளவில் தோண்டி எடுக்கப்பட்டுவருகிறது. மணலிலிருந்து எண்ணெயைப் பிரிக்க வெந்நீருடன் காஸ்டிக் சோடா சேர்க்கப்படுவதால், எண்ணெயில் இயல்பாகவே உள்ள நஃப்தீனிக் அமிலங்கள் சோடியம் உப்புகளாக மாறி அந்தக் காரநீரில் கரைந்து, கழிவுநீர்த் தேக்கங்களைச் சென்றடைகின்றன.

நஃப்தீனிக் அமிலம் ஒற்றைப் பொருளன்று. வளையமாகவோ சங்கிலியாகவோ இணைந்த கார்பன் அணுக்களாலான உடலும், கார்பாக்சில் என்னும் அமில முனையும் கொண்ட பல்வேறு சேர்மங்களின் கூட்டம் அது. உடல் கொழுப்பையும் முனை நீரையும் நாடுவதால், இவை சோப்பைப் போலச் செயல்பட்டு, உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள கொழுப்புச் சவ்வில் புகுந்து அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன. நீரின் அமிலத்தன்மை கூடினால் மின்னூட்டமற்ற மூலக்கூறுகள் பெருகிச் சவ்வை எளிதாகக் கடப்பதால் நஞ்சும் வலுக்கிறது.

ஆற்றுநீரில் இவ்வமிலங்கள் பொதுவாக லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்க, தேக்கங்களில் 100 மில்லிகிராமையும் எட்டக்கூடும். புதிய கழிவுநீரில் விடப்படும் ரெயின்போ டிரவுட் மீன்களும், மீன்களுக்கு இரையாகும் டாஃப்னியா என்னும் நுண்ணிய நீருயிரிகளும் சில நாட்களுக்குள் மடிந்துபோவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

தேக்கத்து நீர் பழமையாகும்போது, எளிய அமைப்புடைய அமிலங்களைப் பாக்டீரியாக்கள் சிதைத்துவிடுவதால் உடனடி நச்சு தணிகிறது. ஆனால் பல வளையங்களும் கிளைகளும் கொண்டவை பல ஆண்டுகள் சிதையாமல் எஞ்சுகின்றன. இத்தகைய பழைய நீரில் ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீன்கள் உயிர்பிழைத்தாலும் அவற்றின் முட்டையிடல் குறைந்ததாகச் சோதனைகள் கண்டறிந்துள்ளன. ஆகவே, மீன் சாகவில்லை என்பதைக் கொண்டு நீர் தூய்மையானது எனத் தீர்ப்பளிக்க இயலாது.

தேக்கங்களில் இன்று நூறு கோடிக் கன மீட்டருக்கும் மேலான கழிவு நிறைந்துள்ளது. ஓசோனைச் செலுத்தினால் இவ்வமிலங்களின் அளவும் நச்சும் குறைகின்றன என்றாலும், இவ்வளவு நீரையும் அவ்வாறு சுத்திகரிப்பது எளிதன்று. அதே பகுதியிலுள்ள கேர்ல் எண்ணெய் மணல் சுரங்கத்தில் 2023இன் தொடக்கத்தில் சுமார் 53 லட்சம் லிட்டர் கழிவுநீர் வழிந்தது, தேக்கி வைப்பது மட்டுமே காப்பாகாது என்பதைக் காட்டியது. சுத்திகரித்த நீரை ஆற்றில் விடுவதற்கு அனுமதி அளிப்போர், அமிலத்தின் மொத்த அளவோடு, எஞ்சியிருப்பவை எவ்வகை மூலக்கூறுகள் என்பதையும், மீன்களின் இனப்பெருக்கம் வரையிலான நீண்டகால விளைவுகளையும் அளந்தறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.