வாசித்துப் பிழைப்பவரும் நுகர்வோரே

திருவிழாக் காலம் முழுக்க ஊர் ஊராகப் போகும் மெல்லிசைக் குழுவில் அதிகம் அடிபடும் கருவி டிரம்ஸ்தான். மாலையில் மாட்டி, விடியற்காலையில் கழற்றி, மறுநாள் வேறு மேடையில் மறுபடி மாட்டினால், வீட்டு அறைக்கென்று செய்த எலக்ட்ரானிக் டிரம் கிட் வெகுநாள் தாங்காது. பிளாஸ்டிக் கிளாம்பின் மரை வழுக்கும். ஜாக்கின் உள்ளே ஈயப்பற்று விட்டுப்போய், ஒரு அடிக்கு ஒலித்த பேட் அடுத்த அடிக்கு ஊமையாகும். உடனே கூடுதல் பணம் போட்டு, "ரோட்டுக்குத் தாங்கும், தூக்கிப் போகவும் சுலபம்" என்று கடைக்காரர் காட்டும் கிட்டுக்குக் கலைஞர் மாறுகிறார். அதுவும் மூன்றாம் மாதமே படுத்துவிட்டால் கிடைக்கக்கூடிய பதில் இது: "நீங்கள் கச்சேரிக்கு வாசிக்கிறீர்கள், அது வியாபாரம். நுகர்வோர் சட்டமெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது." கேட்பதற்குச் சட்டம் போலத் தோன்றும் இந்தப் பதில், தானே வாசித்துப் பிழைக்கும் கலைஞரைப் பொறுத்தவரை தவறானது.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் வரையறையிலிருந்து விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்ற விளக்கமும் அதே பிரிவில் இருக்கிறது. முந்தைய சட்டத்திலும் இருந்த இந்த விளக்கத்தின் பொருளை உச்ச நீதிமன்றம் 1995-லேயே, கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் மீது லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் தெளிவாக்கியது. இயந்திரம் வாங்கிய அந்த நிறுவனம் தோற்றது. ஆனால் தட்டச்சு இயந்திரம் வாங்கிப் பிறருக்குத் தட்டச்சு செய்து கொடுப்பவரும், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோரே என்று தீர்ப்பு சொன்னது. ஆட்டோவுக்குப் பொருந்துவது டிரம் கிட்டுக்குப் பொருந்தாமல் போகாது. வணிக நோக்கம் என்று வாதிடுபவரே முதலில் அதை நிரூபிக்க வேண்டும் என்று ஒரு சீட்டு நிறுவன வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அது நிரூபணமானால்தான், பிழைப்புக்காக வாங்கினேன் என்று காட்டும் பொறுப்பு வாங்கியவருக்கு வரும்.

அப்படியானால் குழு நடத்துபவர் எல்லோருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டா என்று கேட்கலாம். இல்லை. பத்துக் கிட் வாங்கி, ஆள் வைத்து வாடகைக்கு விடுபவர் இந்த விளக்கத்துக்குள் வருவது கடினம். பில்லை நிறுவனத்தின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணுடன் போட்டு வரிச்சலுகை எடுத்திருந்தால், எதிர்த்தரப்பு அதையும் சுட்டிக்காட்டும். தானே வாசிக்க வாங்குபவர் பில்லைத் தன் சொந்தப் பெயரில் வாங்குவதும், புகார் எழுதும்போது சுயதொழிலில் பிழைக்கவே வாங்கினேன் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவதும் அதனால்தான் முக்கியம்.

அடுத்து, உறுதி என்பதை எப்படி நிரூபிப்பது? சட்டத்தில் குறைபாடு என்பதன் வரையறை பரந்தது. ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரம் மட்டுமல்ல, விற்பவர் எந்த வகையிலாவது உறுதி கூறிய தரமும் அளவுகோல்தான். ஆகவே "தினமும் கழற்றி மாட்டினால் தாங்குமா, மேடைக்கு ஏற்றதா" என்ற கேள்வியை வாயால் மட்டும் கேட்காமல் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். கடையிலும் ஒலியை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. ரேக்கை முழுதாக மடக்கி விரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பேடின் நடுவிலும் விளிம்பிலும் மெல்லவும் ஓங்கியும் அடிக்க வேண்டும். ஒன்றை அடித்தால் பக்கத்துப் பேடும் சேர்ந்து ஒலிக்கிறதா, ஜாக்கில் வயரை லேசாக ஆட்டினால் ஒலி அறுபடுகிறதா என்று கவனிக்க வேண்டும். தூக்கிச் செல்வதே முதல் தேவை என்றால், எட்டுப் பரப்புகளை ஒரே பலகையில் அடக்கிய ரிதம் பேடையும் ஒப்பிடலாம். ரோலண்ட் நிறுவனம் 1985-இல் ஆக்டாபேடாகக் கொண்டுவந்த அந்த வடிவத்தில் மூட்டுகளும் வயர்களும் குறைவு. தளர்வதற்கான இடங்களும் அந்த அளவுக்குக் குறைவு.

நுகர்வோர் என்ற தகுதி வேறு, வாரண்டியின் எல்லை வேறு என்பதையும் மறக்கக் கூடாது. சில வாரண்டி அட்டைகள் தொழில்முறைப் பயன்பாட்டை விலக்கும்; மெஷ், பெடல், வயர் போன்ற தேய்மானப் பொருள்களை பல அட்டைகள் விலக்கும். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று அட்டை சொல்ல, மேடைக்கு ஏற்றது என்று கடைக்காரர் எழுதியிருந்தால், அந்த எழுத்தே உங்கள் சாட்சி. அடாப்டர் விஷயத்திலோ தவறு நம் பக்கம் வந்துவிடும். ரோலண்ட் பேடுகள் பலவற்றின் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை எதிர்மின். சந்தையில் கிடைக்கும் சாதாரண அடாப்டர்கள் பலவற்றில் நடுமுனை நேர்மின். அவசரத்துக்கு மாற்றிச் செருகிக் கருவி எரிந்தால் அது உற்பத்திக் குறைபாடு ஆகாது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர், இந்தியாவில் வாரண்டி செல்லுமா, அடாப்டர் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் சில ஆயிரம் மிச்சம் என்பது பலரின் வாதம். அந்த மிச்சத்துக்கு விலை, வாங்கிய தேதிக்கும் கடைக்கும் ஆதாரமே இல்லாமல் போவது. பில் தர மறுப்பதைச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பழைய கிட்டைத் தனிநபரிடம் வாங்கினால் அவர் வியாபாரி அல்ல என்பதால் நுகர்வோர் ஆணையம் கைகொடுக்காது. பழைய பில்லையும் கருவியின் வரிசை எண்ணையும் ஒப்பிட்டு, எழுத்தில் ரசீது வாங்குவதே அங்கே காப்பு. திருட்டுப் பொருளில் சிக்காமலிருக்கவும் அது உதவும்.

பழுது வந்ததும் அது தெரியும்படி வீடியோ எடுத்து, விற்பனையாளருக்கும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளருக்கும் எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; இ-ஜாக்ரிதி தளம் வழியாக இணையத்திலும் பதியலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காலக்கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. பழுது நீக்கம், மாற்றுக் கருவி, பணம், இழப்பீடு ஆகியவற்றுக்கு ஆணையம் உத்தரவிட முடியும். தேவையானால் கருவியை ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பும்.

வழக்கென்றால் வருடக்கணக்கில் இழுக்கும் என்ற தயக்கத்தில் நியாயம் உண்டு. சட்டம் சொல்லும் 3 மாதமும், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதமும் எல்லா வழக்கிலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. ஆனால் பில், எழுத்திலான உறுதி, தேதியிட்ட அறிவிப்பு ஆகிய மூன்றும் கையில் இருப்பவரை விற்பவரும் எளிதில் தட்டிக்கழிக்க மாட்டார். ஆணையத்தின் வாசலுக்குப் போகாமலே தீர்வு கிடைக்க வாய்ப்பு அதிகம். புதுக் கிட்டை வேனில் ஏற்றுவதற்கு முன், பில்லையும் வாரண்டி அட்டையையும் ஒரு படம் எடுத்துச் செல்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.