மூன்றுக்கு மேல் போனால் கவனியுங்கள்!

நேரம், வெப்பநிலை, புதன்கிழமைதோறும் பெட்ரோல் விலை என வானொலியில் எண்களை வாசிப்பது எனக்குப் பழகிய வேலை. ஆனால், பல் மருத்துவர் என் வாயைப் பார்த்து வாசித்த எண்கள் என்னைப் பயமுறுத்திவிட்டன.

ஓராண்டாகவே பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தது. அழுத்தித் தேய்க்கிறோம் போலும் என்று மெதுவாகத் தேய்த்தேன். கசிவு குறைந்ததும் மறந்துவிட்டேன். கடைவாய்ப் பல் ஒன்று லேசாக ஆடிய பிறகே கிளினிக்குக்குப் போனேன்.

மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் மெல்ல விட்டார் மருத்துவர். அது இறங்கும் ஆழத்தை அவர் சொல்லச் சொல்ல, உதவியாளர் பதிவு செய்தார். ஒரு பல்லுக்கு ஆறு இடங்கள். எனக்கு 28 பற்கள். ஆக 168 எண்கள்!

"இரண்டு, மூன்று, இரண்டு..." என்று போய்க்கொண்டிருந்தது, கடைவாய்க்கு வந்ததும் "ஐந்து, நான்கு, ஆறு" என்றானது.

மூன்று மில்லிமீட்டர் வரை பொதுவாகக் கவலையில்லை. நான்கும் அதற்கு மேலும் என்றால், ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போலாகியிருக்கலாம். பிரஷ் எட்டாத அந்தப் பைக்குள் கிருமிகள் தங்கும்; நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும்.

ஆழம் மட்டும் போதாது. ஈறு கீழிறங்கியிருந்தால் பை ஆழம் குறைவாகவே காட்டும். ஆகவே ஈறு இறங்கிய அளவு, இரத்தக் கசிவு, பல்லின் ஆட்டம், எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு எல்லாவற்றையும் சேர்த்தே கடுமையைக் கணிக்கிறார்கள். 2018இல் வெளியான அனைத்துலக வகைப்பாட்டில் நான்கு நிலைகள் உண்டு. எனக்கு மூன்றாம் நிலை.

அம்மாவின் நினைவு வந்தது. "வலிக்கவே இல்லையே" என்று சொல்லிச் சொல்லியே ஐம்பது வயதில் பற்களை இழந்தவர். 'த', 'ந' சொல்ல நாக்கு பல்லைத் தொட வேண்டும். பேச்சை நம்பிப் பிழைக்கும் எனக்கு அது சின்ன விஷயமா?

ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்தபோது ஆறு, நான்காகியிருந்தது. கரைந்த எலும்பு தானாக வளராது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

புகைப்பவர்களுக்கு இரத்தம் அதிகம் கசியாது. நோய் மறைந்தே வளரும். இனிப்பு நீர் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அது வேகமெடுக்கும். வலியையோ இரத்தத்தையோ நம்பிக் காத்திருக்காதீர்கள். இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பதுபோல, அடுத்த முறை பல் மருத்துவரிடமும் கேளுங்கள்: "டாக்டர், என் ஈறு எத்தனை?"